தண்ணீர் சுமந்த சிறுவர்கள்

 

நம் மஹல்லாக்களில் மக்தப் மதரஸாவின் ஆண்டு விழா நடைபெறும்போது, சின்னஞ்சிறு பிள்ளைகள் மேடையேறி ஹதீஸ்களை மனப்பாடமாக ஒப்புவிப்பதைக் கேட்டு மகிழ்கிறோம். மரம் நடுவதன் சிறப்பு, பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதன் நன்மை, தண்ணீரை வீண்விரயம் செய்வது பற்றிய எச்சரிக்கை ஆகிய அனைத்தையும் அவர்களின் மழலை மொழியில் கேட்கிறோம். பரிசும் வழங்குகிறோம். மறுநாள் அதே பிள்ளை பள்ளிவாசல் குழாயை முழுவதுமாகத் திறந்து விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் தோழனோடு பேசிக்கொண்டே உளூச் செய்கிறது. மிட்டாய் சுற்றிய காகிதத்தைப் பள்ளியின் வாசற்படியிலேயே போட்டுவிட்டுப் போகிறது.

பிள்ளையைக் கடிந்து பயனில்லை. நாம் அதற்கு ஹதீஸின் சொற்களைக் கற்றுக் கொடுத்தோம். அந்தச் சொற்களின்படி நடப்பதற்குரிய ஒரு வேலையை அதன் கையில் ஒப்படைத்தோமா? பூமியில் ஒரு கலீஃபாவை ஏற்படுத்தப் போவதாக அல்லாஹு தஆலா வானவர்களிடம் அறிவித்த செய்தியைத் திருமறையின் இரண்டாம் அத்தியாயத்தில் ஓதுகிறோம். இந்தப் பூமியும் அதன் நீரும் நிழலும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று மிம்பர்களில் கேட்கிறோம். ஆனால் அமானிதம் என்றால் என்னவென்று ஒரு பிள்ளை எப்படி அறிந்துகொள்ளும்? யாராவது ஒரு பொருளை நம்பி அதனிடம் கொடுத்தால்தானே அறிந்துகொள்ளும்!

இந்தக் கேள்விக்கு விடை தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. மரம், தண்ணீர், பாதை, வாயில்லா ஜீவன்கள் ஆகியவை பற்றி நாம் அடிக்கடி எடுத்துச் சொல்லும் ஹதீஸ்களை நமக்கு அறிவித்தவர்கள் யார் என்று பார்த்தாலே போதும். அவர்களில் பலர், பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் வாழ்ந்த காலத்தில் சிறுவர்களாக இருந்தவர்கள். அவர்கள் எவ்வாறு பயின்றார்கள்? அந்தப் பயிற்சி அவர்களை எங்கே கொண்டு சேர்த்தது? வரலாற்றின் ஏடுகளைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

பத்து வயதுச் சிறுவரின் கையில் நீர்ப்பை

கி.பி. 622ஆம் ஆண்டு நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தபோது, அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்களுக்கு வயது பத்து. தாயார் உம்மு சுலைம் (ரலி) அவர்கள் தம் மகனை நபிகளாரின் பணிவிடைக்கு ஒப்படைத்தார்கள். தாயாரின் கணவரான அபூதல்ஹா (ரலி) அவர்கள் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, இவர் அறிவுள்ள பிள்ளை, தங்களுக்குப் பணிவிடை செய்யட்டும் என்று சொன்னதாகவும் புகாரீயில் பதிவாகியுள்ளது. அன்று தொடங்கிய பணி நபிகளாரின் இறுதிக்காலம் வரை பத்து ஆண்டுகள் நீடித்தது.

அந்தச் சிறுவர் செய்த வேலைகளில் ஒன்று தண்ணீர் சுமப்பது. நபி (ஸல்) அவர்கள் இயற்கைத் தேவைக்காக வெளியே செல்லும்போது, தாமும் இன்னொரு சிறுவரும் தோலால் ஆன நீர்ப்பையைச் சுமந்துகொண்டு பின்னால் செல்வது வழக்கம் என்று அனஸ் (ரலி) அவர்களே கூறுகிறார்கள். அது குழாய்கள் இல்லாத காலம். கிணற்றிலிருந்து இறைத்து, பையில் நிரப்பி, வெயிலில் சுமந்து வர வேண்டும். ஒவ்வொரு மிடறு நீருக்குப் பின்னாலும் ஒருவரின் உழைப்பு இருந்தது.

இப்போது இன்னொரு ஹதீஸைக் கவனியுங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவுத் தண்ணீரில் உளூச் செய்வார்கள். ஒரு 'ஸாவு' முதல் ஐந்து 'முத்து' வரையிலான தண்ணீரில் குளிப்பார்கள் என்ற செய்தி நாம் அனைவரும் அறிந்தது. ஒரு 'முத்து' என்பது நடுத்தர உடலமைப்புள்ள ஒருவர் தம் இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு. நான்கு 'முத்து' சேர்ந்தது ஒரு 'ஸாவு'. மத்ஹபுகளின் கணக்கில் சிறிது வேறுபாடு இருந்தாலும், ஒரு 'முத்து' ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவுக்குள் அடங்கிவிடும். இந்த அளவை நமக்கு அறிவிப்பவர் யார்? அதே அனஸ் (ரலி) அவர்கள்தாம். தண்ணீரைச் சுமந்த சிறுவருக்கு அதன் அளவு தெரிந்திருந்தது! எவ்வளவு கொண்டு போனோம், எவ்வளவு செலவாயிற்று, எவ்வளவு மிஞ்சியது என்பதை அவரது தோளே அவருக்குச் சொல்லியிருக்கும்.

பிற்காலத்தில் இந்த அளவைக் கேட்டு வியந்தவர்களும் உண்டு. குளிப்பதற்கு ஒரு 'ஸாவு' போதும் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் சொன்னபோது, எனக்கு அது போதாது என்றார் ஒருவர். உங்களைவிட அதிக முடியுடையவரும் உங்களைவிடச் சிறந்தவருமான ஒருவருக்கு அது போதுமானதாக இருந்தது என்று ஜாபிர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். ஒரு தலைமுறை கடப்பதற்குள்ளாகவே அளவு மறக்கத் தொடங்கிவிட்டது. ஒரு விரலால் குழாயைத் திறக்கும் நம் பிள்ளைகளுக்கு அது எப்படி நினைவிருக்கும்?

கேட்காமலே வைத்த தண்ணீர்

அனஸ் (ரலி) அவர்களைவிடவும் இளையவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள். ஹிஜ்ரத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் பிறந்தவர்கள். ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் இயற்கைத் தேவைக்குச் சென்றிருந்தபோது, இந்தச் சிறுவர் யாரும் சொல்லாமலே உளூவுக்கான தண்ணீரை எடுத்து வைத்தார். திரும்பி வந்த நபியவர்கள், இதை வைத்தது யார் என்று விசாரித்தார்கள். இன்னார் என்று தெரிந்ததும், மார்க்கத்தில் நல்ல விளக்கத்தை இவருக்கு வழங்குமாறு அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள்.

ஒரு குடுவைத் தண்ணீருக்கு இத்தனை பெரிய துஆ! இந்தச் சமுதாயத்தின் மாபெரும் குர்ஆன் விரிவுரையாளராகப் பின்னாளில் உயர்ந்தவரின் வாழ்வில், அந்த துஆவுக்கு முன்னால் நின்றது ஒரு சிறு பொறுப்புணர்வு. பிறரின் தேவையைத் தானாகவே கண்டுணர்ந்து செய்த வேலை அது. பெருமானார் (ஸல்) அவர்கள் அதைக் கவனிக்காமல் விடவில்லை. யார் செய்தது என்று விசாரித்து அறிந்தார்கள். நம் வீட்டில் பிள்ளை தானாக ஒரு நல்ல காரியம் செய்தால், யார் செய்தது என்று நாம் கேட்கிறோமா? அல்லது கண்ணாடி டம்ளர் உடைந்தால் மட்டும்தான் அந்தக் கேள்வி நம் வாயில் வருகிறதா?

இதே சிறுவர், தம் சிற்றன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஓர் இரவு தங்கினார். நபி (ஸல்) அவர்கள் இரவில் எழுந்து, தொங்கிக்கொண்டிருந்த தண்ணீர்த் தோற்பையிலிருந்து சுருக்கமாக உளூச் செய்வதைக் கவனித்தார். தாமும் எழுந்து அதைப் போலவே உளூச் செய்து தொழுகையில் சேர்ந்துகொண்டார். யாரும் அவருக்கு அன்றிரவு சிக்கனத்தைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. பார்த்தார், பார்த்தபடி செய்தார்.

கல் எறிந்த சிறுவர்

எல்லாச் சிறுவர்களும் கேட்காமலே நல்லதைச் செய்துவிடுவதில்லை. தவறு செய்யும் பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வது? இதற்கும் மதீனாவின் வரலாற்றில் முன்மாதிரி உண்டு.

ராஃபிஉ பின் அம்ர் அல்ஃகிஃபாரீ (ரலி) அவர்கள் தம் சிறுவயது நிகழ்ச்சியைத் தாமே அறிவித்துள்ளார்கள். அபூதாவூத், திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் அது இடம்பெற்றுள்ளது. அன்ஸாரிகளின் பேரீச்ச மரங்கள் மீது கல் எறிவது அவரது வழக்கம். பிடித்து நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்து நிறுத்தினார்கள். நபியவர்கள் முதலில் கேட்டது, மரங்களின் மீது ஏன் கல் எறிகிறாய் என்பதுதான். சாப்பிடுவதற்காக என்றார் சிறுவர். கல் எறிய வேண்டாம். அடியில் தாமாக விழுந்து கிடப்பவற்றை எடுத்துச் சாப்பிடு என்று அறிவுறுத்தினார்கள். பிறகு தலையைத் தடவிக்கொடுத்து, இவரது வயிற்றை நிரப்புவாயாக என்று அல்லாஹ்விடம் வேண்டினார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! காரணம் கேட்கப்பட்டது. பசி என்ற காரணம் மதிக்கப்பட்டது. மரத்துக்கு ஊறு நேராமல் பசி தீரும் வழி காட்டப்பட்டது. மரத்தின் உரிமையும் காக்கப்பட்டது. சிறுவரின் மானமும் காக்கப்பட்டது. அடி வாங்கியிருந்தால், யாரும் பார்க்காத வேளையில் மீண்டும் கல் எறியவே அவர் கற்றிருப்பார். அன்பான கை தலையில் பட்டதால், வளர்ந்த பிறகு தம் தவற்றைத் தாமே எடுத்துச் சொல்லி, மரத்தைக் காக்கும் ஹதீஸின் அறிவிப்பாளராகவே ஆகிவிட்டார்.

அனஸ் (ரலி) அவர்களும் தவறு செய்யாத பிள்ளை அல்லர். ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். வழியில் கடைவீதியில் சிறுவர்கள் விளையாடுவதைக் கண்டு நின்றுவிட்டார். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பிடிக்கிறார்கள். திரும்பினால் பெருமானார் (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்! சொன்ன இடத்துக்குப் போனாயா என்று செல்லப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார் சிறுவர். பத்து ஆண்டுப் பணிவிடையில் நபியவர்கள் தம்மைப் பார்த்து 'சீ' என்றுகூடச் சொன்னதில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: கொடுத்த வேலை திரும்பப் பெறப்படவில்லை. நீ வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லப்படவில்லை. சிரித்த முகத்துடன் அந்தப் பொறுப்பு மீண்டும் நினைவூட்டப்பட்டது.

குருவியும் ஒட்டகமும்

அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூஉமைர் என்றொரு தம்பி இருந்தார். பால்குடி மறந்த வயது. 'நுகைர்' எனப்படும் சிறு குருவி ஒன்றை வைத்து விளையாடுவார். அந்தக் குருவி இறந்துபோனது, குழந்தை வாடியது. வீட்டுக்கு வந்த நபி (ஸல்) அவர்கள், குருவி என்னவாயிற்று என்று அந்தக் குழந்தையிடம் பரிவோடு விசாரித்தார்கள். ஒரு சமுதாயத்தையே வழிநடத்திக்கொண்டிருந்த தலைவருக்கு ஒரு குருவியைப் பற்றிக் கேட்க நேரம் இருந்தது. ஓர் உயிர் போனதற்காக வருந்தும் பிள்ளையின் மனம் ஏளனத்துக்கு உரியதன்று என்பதை அண்ணனான அனஸ் (ரலி) அவர்கள் அருகிலிருந்து கற்றுக்கொண்டார்கள்.

ஜஅஃபர் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அபிசீனியாவில் பிறந்தவர்கள். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு (கி.பி. 628) பெற்றோருடன் மதீனா வந்தார்கள். அடுத்த ஆண்டே தந்தையார் மூத்தா போரில் ஷஹீதானார்கள். இந்தச் சிறுவரை ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் தம் வாகனத்தில் பின்னால் அமர்த்திக்கொண்டு சென்றார்கள். அன்ஸாரி ஒருவரின் தோட்டத்துக்குள் நுழைந்தபோது, அங்கிருந்த ஓர் ஒட்டகம் நபியவர்களைக் கண்டு முனகியது. அதன் கண்களில் நீர் வழிந்தது. நபியவர்கள் அதன் காதின் பின்புறத்தைத் தடவிக்கொடுத்ததும் அமைதியடைந்தது. இதன் உரிமையாளர் யார் என்று கேட்டார்கள். அன்ஸாரி இளைஞர் ஒருவர் வந்தார். அல்லாஹ் உமக்கு உடைமையாக்கித் தந்த இந்தப் பிராணியின் விஷயத்தில் அவனை அஞ்ச வேண்டாமா? நீர் பசியோடு போட்டு, வேலை வாங்கிக் களைப்படையச் செய்வதாக இது முறையிடுகிறதே என்ற கருத்தில் கண்டித்தார்கள்.

உடைமை என்பதற்கு நாம் கொள்ளும் பொருள் வேறு. அன்று அந்த இளைஞருக்குக் கற்பிக்கப்பட்ட பொருள் வேறு. என்னுடையது, ஆகவே என் விருப்பம் என்கிறோம் நாம். அல்லாஹ் தந்தது, ஆகவே அவனிடம் பதில் சொல்ல வேண்டும் என்பது அங்கே கிடைத்த பாடம். பின்னால் அமர்ந்திருந்த சிறுவர் அதைக் கேட்டார். காலமெல்லாம் மறக்காமல் பிறருக்கு அறிவித்தார்.

தோட்டம் கொடுத்த வீடும் மரம் வெட்டாத ஊரும்

அனஸ் (ரலி) அவர்கள் வளர்ந்த வீட்டுக்கு 'பைருஹா' என்ற தோட்டம் சொந்தமாக இருந்தது. பள்ளிவாசலுக்கு எதிரே அமைந்த பேரீச்சந் தோட்டம். உள்ளே சுவையான நீர். நபி (ஸல்) அவர்கள் அங்கே சென்று அந்நீரை அருந்துவதுண்டு. விரும்பும் பொருளிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடைய முடியாது என்ற கருத்துள்ள இறைவசனம் அருளப்பட்டதும், தமக்கு மிக விருப்பமான அந்தத் தோட்டத்தை அபூதல்ஹா (ரலி) அவர்கள் ஸதகாவாகக் கொடுத்துவிட்டார்கள். நபியவர்களின் யோசனைப்படி உறவினர்களுக்குப் பங்கிட்டார்கள். வீட்டின் மிகச் சிறந்த சொத்து கை மாறியதைக் கண்ணால் கண்ட பிள்ளைதான் அந்த வரலாற்றை நமக்கு அறிவித்தார்.

ஊரும் அவ்வாறே இருந்தது. மதீனா குறிப்பிட்ட எல்லைகளுக்குள் ஹரம் என அறிவிக்கப்பட்டது. அதன் மரங்கள் வெட்டப்படலாகாது என்ற கட்டளையை அறிவிப்பவர்களில் அனஸ் (ரலி) அவர்களும் ஒருவர். மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டாலும் அவற்றை விரட்ட மாட்டேன் என்றார்கள் அபூஹுரைரா (ரலி) அவர்கள். சிறுவர்கள் சிலர் ஒரு நரியை மூலையில் விரட்டி ஒடுக்கி வைத்திருந்ததை அபூஅய்யூப் அல்அன்ஸாரீ (ரலி) அவர்கள் கண்டார்கள். அந்தச் சிறுவர்களை அங்கிருந்து விரட்டினார்கள். அல்லாஹ்வின் தூதருடைய ஹரமிலா இப்படிச் செய்வது என்று கேட்டதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் முவத்தாவில் குறிப்பிடுகிறார்கள். ஊரின் சட்டத்தைச் சிறுவர்களுக்கு உணர்த்தும் பொறுப்பை ஒவ்வொரு பெரியவரும் தம் பொறுப்பாகக் கருதினார்கள். அது என் பிள்ளை அல்லவே என்று எண்ணிக் கடந்து செல்லவில்லை.

சிறுவர்கள் பெரியவர்களானபோது

இந்தப் பயிற்சியின் பலன் என்னவாயிற்று? காலம் உருண்டோடியது. அனஸ் (ரலி) அவர்கள் பஸராவில் குடியேறி, ஹிஜ்ரி 93ஆம் ஆண்டு வாக்கில் நூறு வயதை ஒட்டிய முதுமையில் வஃபாத்தானார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு தோட்டம் இருந்தது. ஆண்டுக்கு இருமுறை பலன் தந்தது என்று திர்மிதீயில் காண்கிறோம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ ஒரு மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால், அது அவருக்கு ஸதகாவாகும் என்ற புகழ்பெற்ற ஹதீஸை அறிவிப்பவர் அனஸ் (ரலி) அவர்கள். உலக முடிவு நேரிடும் வேளையிலும் கையில் கன்று இருக்குமானால், இயன்றவரை அதை நட்டுவிடுமாறு கூறும் ஹதீஸை அறிவிப்பவரும் அவர்களே.

அவர்களின் முதுமைக்காலத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இது. பஸராவின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த அல்ஹகம் பின் அய்யூப் என்பவரின் இடத்துக்குச் சென்றார்கள். அங்கே இளைஞர்கள் ஒரு கோழியைக் கட்டி வைத்து அம்பெய்து பழகிக்கொண்டிருந்தார்கள். அதிகாரத்தில் இருப்பவரின் இல்லமாயிற்றே என்று அனஸ் (ரலி) அவர்கள் தயங்கவில்லை. உயிரினங்களை இவ்வாறு கட்டி வைத்து இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை எடுத்துரைத்தார்கள். தம்பியின் குருவிக்காக நபியவர்கள் பரிவு காட்டியதைக் கண்ட சிறுவர் அல்லவா அவர்!

இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்படியே. உஹதுப் போரின்போது பதினான்கு வயதே ஆகியிருந்ததால் போரில் சேர்த்துக்கொள்ளப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். பிற்காலத்தில் ஒரு வீட்டில், அவ்வீட்டுக்காரரின் மகன் கோழியைக் கட்டி வைத்து எறிந்துகொண்டிருப்பதைக் கண்டார்கள். நேரே சென்று கட்டை அவிழ்த்தார்கள். கோழியையும் சிறுவனையும் கூடவே அழைத்து வந்து, உங்கள் பிள்ளைகளைத் தடுத்து வையுங்கள் என்று பெரியவர்களிடம் சொன்னார்கள். செயல் சிறுவனுடையது, ஆனால் அதற்குப் பதில் சொல்லும் கடமை பெரியவர்களுக்கு இருந்தது.

நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர். உங்கள் பொறுப்பு பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தமைந்த ஹதீஸை நமக்கு அறிவித்தவர் இந்த இப்னு உமர் (ரலி) அவர்கள்தாம். தலைவர், கணவர், மனைவி, பணியாளர் ஆகியோரின் பொறுப்புகளோடு, தந்தையின் சொத்துக்கு மகன் பொறுப்பாளர் என்ற வரியும் ஓர் அறிவிப்பில் இடம்பெறுகிறது. எனவே பொறுப்பு என்பது பெரியவனான பிறகு வந்து சேரும் பட்டம் அன்று. வீட்டில் மகனாக இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸை ஜும்ஆ பற்றிய பாடத்திலும் பதிவு செய்துள்ளார்கள். ஜும்ஆவில் கூடும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

பார்த்தேன், செய்தேன்

பஸராவில் வாழ்ந்த இன்னொரு ஸஹாபி மஅகில் பின் யஸார் (ரலி) அவர்கள். உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் அங்கே வெட்டப்பட்ட ஒரு கால்வாய் இவர்களின் பெயரால் 'நஹ்ரு மஅகில்' என்றே வழங்கப்பட்டது. ஒருநாள் முஆவியா பின் குர்ரா என்ற இளையவருடன் நடந்து சென்றபோது, பாதையில் கிடந்த தொல்லை தரும் பொருள் ஒன்றை அகற்றினார்கள். சற்றுத் தொலைவு சென்றதும் அதுபோன்ற ஒன்றைக் கண்ட இளையவர் விரைந்து சென்று அதை அகற்றினார். ஏன் இப்படிச் செய்தாய், என் சகோதரர் மகனே என்று மஅகில் (ரலி) அவர்கள் கேட்டார்கள். நீங்கள் ஒன்றைச் செய்ததைப் பார்த்தேன். நானும் செய்தேன் என்றார் அவர். நன்றாகச் செய்தாய் என்று பாராட்டிய பின்னரே, பாதையிலிருந்து தொல்லையை அகற்றுவதன் நன்மை பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துச் சொன்னார்கள். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் அல்அதபுல் முஃப்ரதில் இந்நிகழ்ச்சி உள்ளது.

இதன் வரிசையைக் கவனியுங்கள். முதலில் பெரியவரின் செயல், அடுத்து இளையவரின் செயல், அதன்பின் பாராட்டு, கடைசியாகத்தான் ஹதீஸ். நாமோ ஹதீஸை முதலில் சொல்லி அத்துடன் நிறுத்திவிடுகிறோம். செயலைக் கண்ட பிள்ளைக்கு ஹதீஸ் விளக்கமாக அமைகிறது. செயலைக் காணாத பிள்ளைக்கு அதே ஹதீஸ் ஆண்டு விழாவில் ஒப்புவிக்கும் வரியாகவே நின்றுவிடுகிறது. அன்று பாராட்டப்பட்ட முஆவியா பின் குர்ரா (ரஹ்) அவர்களின் மகன் இயாஸ் (ரஹ்), நுண்ணறிவுக்கும் நேர்மைக்கும் புகழ்பெற்ற பஸராவின் காழியாக விளங்கினார்கள் என்பதும் வரலாறு.

நம் வீட்டில், நம் மஹல்லாவில்

பெற்றோர்களே! இந்த வரலாற்றிலிருந்து நாம் என்ன செய்யப் போகிறோம்? பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. பிள்ளையின் வயதுக்கும் வலுவுக்கும் ஏற்ற ஒரு வேலையை, உண்மையிலேயே அதன் வேலையாக, ஒப்படைத்தால் போதும்.

முதலில் தண்ணீர். ஒருநாள் வீட்டுக் குழாயின் கீழே வாளியை வைத்து, பிள்ளையை வழக்கம்போல் உளூச் செய்யச் சொல்லுங்கள். வாளியில் சேர்ந்த நீரை ஒரு லிட்டர் பாட்டிலால் அளக்கச் சொல்லுங்கள். நீங்களும் அதேபோல் செய்து அளந்து பாருங்கள். பிறகு அனஸ் (ரலி) அவர்கள் சொன்ன ஒரு 'முத்து' அளவைப் பக்கத்தில் வையுங்கள். வாளி சொல்லும் பாடத்துக்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அந்த நீரையே சுமந்து சென்று செடிக்கு ஊற்றுவது அந்தப் பிள்ளையின் அன்றாடப் பொறுப்பாகட்டும்.

அடுத்து மரம். வேம்பு, புங்கை, நாவல் என நம் மண்ணில் வளரும் ஒரு கன்றை வீட்டிலோ மதரஸா வளாகத்திலோ மையவாடியின் ஓரத்திலோ நடச் செய்யுங்கள். நடும் நாளில் புகைப்படம் எடுப்பதோடு கடமை முடிவதில்லை. வேர் ஆழமாகப் பிடிக்கும்வரை சில கோடைகள் நீர் வேண்டும், ஆடு கடிக்காமல் வேலி வேண்டும். பிள்ளை மறந்துவிட்டால், இரவோடு இரவாக நீங்கள் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றி வைக்காதீர்கள். போனாயா என்று சிரித்த முகத்துடன் நினைவூட்டுங்கள். அதையும் மீறிக் கன்று வாடிப்போனால் ஏசாதீர்கள்; இன்னொரு கன்றைக் கையில் கொடுங்கள். தன் கவனக்குறைவால் ஓர் உயிர் வாடியதைக் கண்டு வருந்திய பிள்ளை, இரண்டாம் கன்றை வாட விடாது.

மூன்றாவது மழைநீர். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. பள்ளிவாசலிலும் வீட்டிலும் குழாய் பதித்தோம். பிறகு திரும்பிப் பார்த்தோமா? சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தெருவுக்குத்தான் ஓடும். ஐப்பசி மழை தொடங்கும் முன்பு, வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தந்தைமார்கள் மாடியையும் வடிகட்டும் தொட்டியையும் சுத்தம் செய்யட்டும். வானம் தந்த நீரை அண்டை வீட்டாரின் கிணற்றுக்கும் சேர்த்துச் சேமித்த நன்மை அதில் உண்டு.

நான்காவது நம் தெரு. புனித ரமளானில் நோன்புக் கஞ்சி விநியோகம் முடிந்ததும் பள்ளியைச் சுற்றிக் காகிதக் கோப்பைகள் இறைந்து கிடக்கும் காட்சி நமக்கு அழகா? 2019ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை உள்ளது. கழுவிப் பயன்படுத்தும் பாத்திரத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள். இஃப்தாருக்குப் பிறகு பள்ளியின் முன்புறத்தைச் சுத்தம் செய்யும் பொறுப்பை மக்தப் மாணவர்கள் முறைவைத்து ஏற்கட்டும். ஜமாஅத் நிர்வாகிகளும் துடைப்பத்தை எடுத்து உடன் நிற்கட்டும். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானிக் கழிவுகளைக் குழி தோண்டிப் புதைக்கும்போது பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இறைச்சியைப் பங்கிடுவது மட்டுமே வணக்கம், கழிவை அகற்றுவது யாரோ செய்யும் வேலை என்ற எண்ணம் அவர்களிடம் வேரூன்றலாகாது.

இவற்றில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேறுபாடு வேண்டாம். மேலும், வேலையை ஒருபோதும் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். சேட்டை செய்தாயா, போய்க் குப்பை பொறுக்கு என்று சொல்லிவிட்டால், நன்மையான ஒரு காரியம் அந்தப் பிள்ளையின் மனத்தில் இழிவான காரியமாகப் பதிந்துவிடும். நம்பிக்கைக்கு உரியவன் என்பதால்தான் உன்னிடம் தருகிறேன் என்று சொல்லிக் கொடுங்கள். அமானிதம் என்ற சொல்லின் பொருள் அப்போதுதான் அதற்கு விளங்கும்.

அன்று மதீனாவின் சிறுவர்கள் சுமந்தது சிறிதளவு தண்ணீர்தான். அந்தச் சுமையின் வழியே அவர்கள் கற்றதை ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கடந்தும் நாம் ஓதிக்கொண்டிருக்கிறோம். நாளை நம்மைப் பற்றி நம் பிள்ளைகள் எதை நினைவுகூர்வார்கள்? வாப்பா தண்ணீரைப் பற்றி நிறையப் பேசுவார் என்றா, அல்லது வாப்பா என் கையில் ஒரு குடத்தைக் கொடுத்து, ஒரு செடியைக் காட்டினார் என்றா? இந்த வாரம் ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் பிள்ளையை அழைத்து ஒரு பொறுப்பை ஒப்படைத்துவிடுங்கள்.

வல்ல அல்லாஹ், நம்மையும் நம் சந்ததிகளையும் அவன் ஒப்படைத்த அமானிதங்களைப் பேணுவோராக ஆக்கி அருள்வானாக! நாம் நடும் மரங்களையும் சேமிக்கும் நீரையும் நிலையான தர்மமாக ஏற்றுக்கொள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.